உதவி வேணும்: சிட்கா ஸ்ப்ரூஸ் காட்டுல சிவப்பு அணில் கண்ணுல படவே இல்ல, இல்லன்னே எழுதிடலாமா?

ஆத்தோரம்:
வணக்கம். இங்கிலாந்துல நார்த்தம்பர்லாந்து, கீல்டர் காட்டுப் பக்கம் சிவப்பு அணில் கணக்கெடுப்புக்கு வாலண்டியரா போறேன். மூணு விதமான காடு: அடர்த்தியா நட்ட சிட்கா ஸ்ப்ரூஸ், நார்வே ஸ்ப்ரூஸும் ஸ்காட்ஸ் பைனும் கலந்தது (இதெல்லாம் ஊசியிலை மரங்க), அப்புறம் ஆத்தங்கரைல பிர்ச், வில்லோ மாதிரி இலையுதிர் மரங்க. விடிகாலைல ஒரே பாதைல மெதுவா நடந்து, அங்கங்க நின்னு, பாத்தத எழுதறோம். பைன் பக்கம் நல்லா தெரியுது, சிட்கால ஒண்ணுகூட இல்ல, ஆனா கீழ பாத்தா விதைக்காக உரிச்சுப்போட்ட கோன் (ஊசியிலை மரத்தோட செதில் செதிலான காய்) தண்டா கெடக்கு. எத நம்பறது? மரம் வெட்டறப்போ இந்தக் கணக்கையும் பாப்பாங்க, அதான் மனசு கேக்கல.

கோன்பொறுக்கி:
இல்லன்னு எழுதிடாதீங்க ப்ளீஸ். சிட்கால கிளை பின்னிக்கிட்டு இருட்டா இருக்கும், அணில் தலைக்கு மேலயே ஓடினாலும் தெரியாது, பைன்ல வெளிச்சம் இருக்கு அதனால தெரியுது. ரெண்டு எண்ணையும் பக்கத்துல வச்சுப் பாத்தா எந்தக் காட்டுல கண்ணு தெரியுதுங்கறதுதான் வரும், அணில் கணக்கு வராது. கோன் தண்ட நல்லா பாருங்க: கிழிச்ச மாதிரி பிசிறா இருந்து நுனில கொஞ்சம் செதில் மிஞ்சியிருந்தா அணில். சுத்தமா வழுவழுன்னு கொறிச்சிருந்தா எலி. செதில் உதிராம நடுவுல பிளந்திருந்தா கிராஸ்பில் குருவி. சின்னச் சின்னக் கட்டமா இடம் குறிச்சு பழைய தண்டெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டு, அப்புறம் புதுசா விழறத மட்டும் எண்ணுங்க.

மைக்ராஸ்கோப்:
கோன் தண்டு வச்சு சிவப்பு அணிலா சாம்பல் அணிலான்னு பிரிக்க முடியாதுங்க, கூடு வச்சும் முடியாது. அதுக்குக் கேமரா ட்ராப் (எதாவது வந்தா தானா படம் எடுக்கற கேமரா), இல்லன்னா ஹேர் ட்யூப் (உள்ள போற அணிலோட முடி ஒட்டிக்கற குழாய்). ட்யூபுக்குள்ள ஒட்டுற டேப், கொஞ்சம் சூரியகாந்தி விதை, அவ்ளோதான். முடிய மைக்ராஸ்கோப்ல பாத்தா சிவப்பு அணிலோடதுல நீளவாக்குல ஒரு பள்ளம் இருக்கும். மூணு காட்டுலயும் ஒரே எண்ணிக்கை, ஒரே இடைவெளி, ஒரே நாட்கள்ல வைங்க. ஒரே அணில் பல ட்யூபுக்குப் போகும், அதனால முடி ஒட்டின ட்யூப எண்ணி இத்தனை அணில்னு சொல்லிடாதீங்க.

ஆத்தோரம்:
ரொம்ப நன்றிங்க. நாங்க வசந்த காலத்துலதான் போறோம், அது சரியா?

கோன்பொறுக்கி:
அதுவும் ஒரு காரணமா இருக்கும். சிட்கா விதைய சீக்கிரமே உதிர்த்துடும், பைனும் நார்வே ஸ்ப்ரூஸும் வசந்தம் வரைக்கும் வச்சிருக்கும், அணில் சாப்பாடு இருக்கற பக்கம் நகந்துடும். இலையுதிர் காலத்துலயும் ஒரு தடவ போங்க. கோன் விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதையும் குறிச்சு வைங்க, ஒரு வருஷத்த வச்சு முடிவு பண்ணாதீங்க.

வடகாடு:
ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். தீனி வைக்கற ட்யூப் எல்லாத்தையும் ஒவ்வொரு தடவையும் கிருமிநாசினி போட்டுக் கழுவுங்க. சாம்பல் அணில் வழியா பரவுற ஸ்க்விரல்பாக்ஸ்ங்கற வைரஸ் நோய் சாம்பல் அணிலப் பெருசா ஒண்ணும் பண்ணாது, சிவப்பு அணிலக் கொன்னுடும். பல அணில் வந்து வாய் வைக்கற இடம் அது. கண்ணச் சுத்தி, வாய்கிட்ட புண்ணோட ஒண்ணப் பாத்தா ட்யூபையெல்லாம் உடனே எடுத்துட்டு, லோக்கல் அணில் குழுவுக்குச் சொல்லிடுங்க.