கலைச்சொல்: ‘ரெஸ்ட் டிஃபென்ஸ்’ – 2022 லிவர்பூலின் தடுமாற்றத்தை முன்வைத்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கால்பந்துச் சொற்பட்டியலில் நாம் இன்னும் கை வைக்காத ஒரு சொல்லை இன்று எடுத்திருக்கிறேன்: ரெஸ்ட் டிஃபென்ஸ். சுருக்கமாக, அணி தாக்கும்போது தாக்கப் போகாதவர்கள் பின்னால் நிற்கும் விதம். பயிற்சியாளர்களும் ஆட்ட ஆய்வாளர்களும் அன்றாடம் புழங்கும் சொல் இது. தமிழில் எழுதும்போது நாம் இதைத் தொடுவதே இல்லை. ஒரு அணி வரிசையாகக் கோல் வாங்கினால் ‘தடுப்பாட்டம் சொதப்பல்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். கோல் எங்கிருந்து வந்தது, யார் எங்கே நிற்காததால் வந்தது என்பது வாசகருக்குப் போய்ச் சேர்வதில்லை. பழி கடைசியாக ஓடித் தோற்ற சென்டர் பேக் (நடுத் தடுப்பாளர்) தலையில் விழுகிறது.

2022-23 பருவத்தின் தொடக்கத்தில் இங்கிலாந்துக் கிளப்பான லிவர்பூல் பட்ட பாட்டை எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய பருவத்தில் பிரீமியர் லீக்கில் அவர்கள் எடுத்தது 92 புள்ளிகள், வாங்கியது 26 கோல்கள். அடுத்த பருவத்தில் 67 புள்ளிகள், வாங்கியது 47 கோல்கள். கோலில் அதே ஆலிசன். முன்னால் அதே வான் டைக், அலெக்சாண்டர்-ஆர்னல்ட், ராபர்ட்சன், ஃபபின்யோ. பயிற்சியாளரும் அதே யூர்கன் கிளாப்தான். ஒரே கோடையில் இத்தனை பேருக்கும் தடுக்கத் தெரியாமல் போய்விட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

முதல் ஐந்து லீக் ஆட்டங்களில் நான்கில் முதல் கோலை வாங்கியது லிவர்பூல்: ஃபுல்ஹாம், கிரிஸ்டல் பேலஸ், மான்செஸ்டர் யுனைடெட், நியூகாசில். ஃபுல்ஹாம் ஆட்டத்தில் மித்ரோவிச் தலையால் முட்டிப் போட்டது நேரான கிராஸ் கோல். அதை இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். ஆனால் ஆகஸ்ட் 15 அன்று லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் பேலஸ் போட்ட கோலை அவசியம் சேர்க்க வேண்டும். 32ஆவது நிமிடம். அதுவரை பந்து பெரும்பாலும் லிவர்பூல் காலில்தான், ஆட்டம் பெரும்பாலும் பேலஸ் பகுதியில்தான். ஒரு தாக்குதல் அறுந்து பந்து எபெரெச்சி ஈஸேயிடம் வருகிறது. அவர் மேல் உடனே பாய வேண்டியவர் பாயவில்லை. ஈஸே திரும்புகிறார், தலை நிமிர்ந்து பார்க்க அவகாசம் கிடைக்கிறது, வில்ஃப்ரீட் ஸாஹாவின் ஓட்டத்துக்கு ஒரே பாஸ். ஸாஹாவுக்கும் கோலுக்கும் நடுவே வெட்டவெளி. துரத்திக்கொண்டு ஓடியவர் நேட் ஃபிலிப்ஸ். ஆட்டத்தைத் திரும்பிப் பார்ப்பவர் கண்ணில் படுவது ஃபிலிப்ஸ் தோற்ற அந்தக் கடைசி ஓட்டம்தான். நான் பார்க்கச் சொல்வது அதற்குச் சில நொடி முன்னால், பந்து இன்னும் லிவர்பூல் காலில் இருந்தபோது, மேலே போகாதவர்கள் எங்கெங்கே நின்றார்கள் என்பதை.

ஒரு வாரம் கழித்து ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் போட்ட இரண்டாவது கோலும் இதே சாயல். நடுக்களத்தில் ஹெண்டர்சன் பந்தை இழக்கிறார், மார்சியால் முன்னே தள்ளுகிறார், ராஷ்ஃபோர்டு தனியே ஓடிப் போய்ப் போட்டுவிடுகிறார். லிவர்பூலுக்கு 2-1 தோல்வி.

இந்தக் கோல்களை ஒன்றாகக் கட்டுவது ரெஸ்ட் டிஃபென்ஸ் என்னும் கருத்து. நம் அணி தாக்கிக்கொண்டிருக்கும்போதே, தாக்கப் போகாதவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதே அது. பந்து இந்த நொடி பறிபோனால் எதிரியின் முதல் பாஸ் போகும் வழியை அடைக்க ஆள் இருக்கிறதா? எதிரணியின் முன்கள ஆட்களை முதுகோடு ஒட்டிப் பிடித்திருக்கிறார்களா? நடுவில் பிளவு இருக்கிறதா? தாக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. பந்து போன பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

கிளாப் அணிகளில் இது தனியாக நிற்பதில்லை. பந்தை இழந்த இடத்திலேயே, இழந்த நொடியிலேயே, பக்கத்தில் இருப்பவர்கள் மொய்த்துப் பறிப்பது அவர் முறை (இதை ‘உடன்மீட்பு’ என்று முன்பு பேசியிருக்கிறோம்). முன்னால் உடன்மீட்பு நடந்தால்தான் பின்னால் இருப்பவர்கள் மேலேறி நிற்க முடியும். 2021-22 பருவத்தில் இந்த அணி ஆடச் சாத்தியமான எல்லா ஆட்டங்களையும், மொத்தம் 63, ஆடித் தீர்த்திருந்தது. மே 28 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதி. ஆண்டுக் கடைசியில் கத்தார் உலகக் கோப்பை இருந்ததால் அடுத்த லீக் ஆகஸ்ட் முதல் வாரமே தொடங்கிவிட்டது. பாய்ந்து பறிப்பதில் வல்லவரான மானே பயர்ன் மியூனிக் போய்விட்டார். ஜோட்டாவுக்குக் காயம். தியாகோவுக்கு முதல் ஆட்டத்திலேயே தொடைத் தசையில் காயம். ஹெண்டர்சனுக்கு வயது 32, மில்னருக்கு 36. முன்னால் அரை நொடி தாமதித்தால் பின்னால் முப்பது மீட்டர் திறந்துவிடும். அந்த முப்பது மீட்டரைத்தான் நாம் ‘தடுப்பாட்டம் சொதப்பல்’ என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

இடையில் ஆகஸ்ட் 27 அன்று இதே அணி போர்ன்மத்தை 9-0 என்று அடித்ததும் இந்தப் பார்வையில் புரிந்துவிடும். அன்று போர்ன்மத்தால் பந்தோடு வெளியே வரவே முடியவில்லை. பின்னால் நின்றவர்களுக்குச் சோதனையே வரவில்லை.

இனி சொல்லுக்கு வருவோம். இது ஜெர்மானியப் பயிற்சியாளர்களிடமிருந்து வந்தது. அவர்கள் வழக்கில் ‘ரெஸ்ட்ஃபெர்டைடிகுங்’. அங்கே ரெஸ்ட் என்றால் மிச்சம், எஞ்சியது. ஆங்கில வடிவத்தை மட்டும் பார்த்து ‘ஓய்வுத் தடுப்பு’ என்று யாராவது போட்டுவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும்; அந்த நேரத்தில் அங்கே யாரும் ஓய்வில் இல்லை. என் பரிந்துரைகள் இரண்டு: எஞ்சுகாவல், பின்காவல். கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.

*

அன்புள்ள தம்பிக்கு,

நான் இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவன் அல்லன். ஆனால் நீங்கள் விளக்கியதைப் படித்ததும் நம்மிடம் கைவசமே ஒரு சொல் இருக்கிறதே என்று தோன்றியது: கூழை. படையின் முன்னணிக்குத் தார், தூசி என்று பெயர். பின்னணிக்குக் கூழை. தொல்காப்பியப் புறத்திணையியலில், நேருக்கு நேர் போரைச் சொல்லும் தும்பைத் திணையின் துறைகளில், ‘உடைபடை புக்குக் கூழை தாங்கிய எருமை’ என்று வருகிறது (எருமை என்றது எருமைக்கடாபோல் அசையாமல் நிற்பதை). படை உடைந்து ஓடும் நேரத்தில் ஒருவன் உள்ளே புகுந்து, பின்னணியில் நின்று, வருகிற பகையைத் தாங்குகிறான். பழஞ்சொல் இருக்கும்போது புதிது கட்டுவானேன்? ‘கூழைக்காவல்’ என்றே வைக்கலாம்.

*

வணக்கம் அண்ணா. வானொலியில் உள்ளூர் ஆட்டங்களுக்கு நேர்முக வர்ணனை செய்கிறவள் என்ற முறையில் இரண்டு வரி. கூழை என்று மைக்கில் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கூழைக்கும்பிடுதான் நினைவுக்கு வரும். ஐயா மன்னிக்க வேண்டும். எஞ்சுகாவல் வேகத்தில் வாயில் சிக்குகிறது. பின்காவல் சுலபம். ஆனால் பின்களம், பின்காவல் இரண்டும் காதில் ஒன்றுபோல விழுகிறதே? ஒன்றுக்கே இரண்டு பெயர் என்று நினைத்துவிடமாட்டார்களா?

*

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி.

> பழஞ்சொல் இருக்கும்போது புதிது கட்டுவானேன்?

ஐயா, நீங்கள் காட்டிய துறையைப் படித்துவிட்டு இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தச் சொல் வேண்டும். ஆனால் இந்த இடத்துக்கு இல்லை. தொல்காப்பியர் சொல்லும் சூழலில் படை முதலிலேயே உடைந்துவிட்டது. அதன் பிறகு ஒருவன் தனியாக நின்று தாங்குகிறான். பெருமை அந்த ஒருவனுக்கு. ரெஸ்ட் டிஃபென்ஸ் எதற்காக இருக்கிறதென்றால், அப்படி ஒருவன் தனியாக நின்று தாங்க வேண்டிய நிலையே வரக்கூடாது என்பதற்காக. படை உடையாமல் முன்னேறிக்கொண்டிருக்கும்போதே போட்டு வைக்கும் ஏற்பாடு அது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், எந்த வேறுபாட்டுக்காக இந்தச் சொல்லைத் தேடப் புறப்பட்டோமோ அது போய்விடும்.

அதே நேரம், 2022 செப்டம்பர் 7 அன்று நேப்பிள்ஸில் நடந்ததற்கு உங்கள் சொல் அப்படியே பொருந்துகிறது. நாப்போலியிடம் 4-1. இடைவேளைக்கு முன்பே 3-0. க்வாராட்ஸ்கேலியாவும் ஒசிமேனும் திரும்பத் திரும்ப வெட்டவெளியில் ஓடி வந்தார்கள். வான் டைக்கும் ஜோ கோமஸும் இரண்டு பேராக நின்று இரண்டுக்கு மேற்பட்டவர்களை எதிர்கொண்டார்கள். ஒசிமேன் அடித்த பெனால்டியை ஆலிசன் தடுத்திராவிட்டால் கணக்கு இன்னும் ஏறியிருக்கும். அது கூழை தாங்கல். பின்காவல் உடைந்துபோன பிறகு, கடைசி ஆள் எண்ணிக்கையில் குறைந்து நின்று தாங்கும் நிலைக்கு நம்மிடம் இதுவரை சொல் இல்லை. ‘கூழை தாங்கல்’ என்று தனிப் பதிவாகச் சேர்க்க முன்மொழிகிறேன். வர்ணனையில் வராவிட்டாலும் எழுத்தில் வரட்டும். கூழைக்கும்பிடு ஒரு பக்கம் இருக்கட்டும், கூழைக்கடாவை இன்னும் அதே பெயரில்தானே அழைக்கிறோம். பயன்படுத்தினால் சொல் தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்.

எஞ்சுகாவலை நானே விலக்கிக்கொள்கிறேன். ஜெர்மானிய மூலத்துக்கு அது நெருக்கம் என்பது உண்மை. ஆனால் எஞ்சியவர் என்றால் மற்றவர் போன பின் மிச்சமாக நின்றவர் என்ற தொனி வருகிறது. நல்ல அணியில் அவர்கள் மிச்சம் இல்லை. முன்னால் போகிறவர்களைத் தேர்வு செய்கிற அதே கவனத்தோடு நிறுத்தப்பட்டவர்கள். காவல் இருத்தல் என்று நம் வழக்கில் சொல்லும்போது அந்த உணர்வு தானாக வந்துவிடுகிறது. திருட்டு நடப்பதற்கு முன்பே இருப்பதுதானே காவல்.

> பின்களம், பின்காவல் இரண்டும் காதில் ஒன்றுபோல விழுகிறதே?

தங்கை கேட்டது சரியான கேள்வி, இதை ஒதுக்கிவிட முடியாது. என் பதில்: இந்தச் சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் வருவது நமக்கு உதவிதான். பின்களம் என்பது ஆட்டத் தாளில் எழுதப்பட்ட வரிசை, அதில் நால்வர். பின்காவல் என்பது தாக்கும் நேரத்தில் மட்டும் உருவாகும் ஏற்பாடு. அதில் பின்கள ஆள் இல்லாமலும் போகலாம், நடுக்கள ஆள் சேர்ந்தும் வரலாம். அந்த ஆகஸ்டில் லிவர்பூல் தாக்கும்போது அலெக்சாண்டர்-ஆர்னல்ட் பின்கள வீரர், ஆனால் பின்காவலில் இல்லை. வலது ஓரத்தில் உச்சியில் இருப்பார். ஃபபின்யோ நடுக்கள வீரர், ஆனால் பின்காவலின் உயிர்நாடியே அவர்தான். ‘பின்களத்தில் நாலு பேர், பின்காவலில் மூணே பேர்’ என்று ஒரே மூச்சில் ஒரு தடவை சொல்லிவிட்டால், கேட்கிறவருக்கு அன்றைய ஆட்டத்தின் வியாதி என்ன என்பது பிடிபட்டுவிடும்.

இந்தச் சொல் வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தப் பருவத்தின் பிற்பகுதியை எழுதிப் பார்த்தேன். அக்டோபர் 1 அன்று பிரைட்டனோடு 3-3, ட்ரோசார் மூன்று கோல். அக்டோபர் 9 அன்று ஆர்சனலிடம் 3-2. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகுமுன் மார்ட்டினெல்லி லிவர்பூலின் வலப்பக்கக் காலியிடத்தில் ஓடிப் போட்ட கோல். அன்றைக்கும் மறுநாளும் பேச்செல்லாம் அலெக்சாண்டர்-ஆர்னல்டுக்குத் தடுக்கத் தெரியவில்லை என்பதே. அவரிடம் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பின்கம்பத்தில் பந்து பறந்து வரும்போது அவர் தடுமாறுவது கண்கூடு. ஆனால் அவர் விட்டுப் போன இடத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு அணியிடம் அப்போது விடை இல்லை. முன்பெல்லாம் ஹெண்டர்சன் ஓடி அடைப்பார். 32 வயதில் ஒவ்வொரு தடவையும் அதை அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2023 ஏப்ரலில், மறுபடி ஆர்சனலோடு ஆடிய 2-2 ஆட்டத்திலிருந்து, கிளாப் ஏற்பாட்டை மாற்றினார். பந்து லிவர்பூலிடம் இருக்கும்போது அலெக்சாண்டர்-ஆர்னல்ட் ஓரத்தில் ஏறாமல் உள்ளே வந்து ஃபபின்யோ பக்கத்தில் நின்றார். இடப்பக்கம் ராபர்ட்சன் மேலே போவதைக் குறைத்துக்கொண்டு சென்டர் பேக்குகளோடு சேர்ந்தார். நம் சொல்லில் எழுதினால் ஒரே வரி: லிவர்பூல் 3-2 பின்காவலுக்கு (பின்னே மூவர், அவர்களுக்கு முன்னே இருவர்) மாறியது. கடைசி 11 லீக் ஆட்டங்களில் அவர்கள் தோற்கவில்லை. நடுவில் தொடர்ச்சியாக ஏழு வெற்றி. எல்லாக் கதவும் அடைபட்டுவிடவில்லை, டாட்டனமோடு 4-3, கடைசி நாளில் சவுத்தாம்டனோடு 4-4 என்றெல்லாம் நடந்தது. சென்டர் பேக் கொனாட்டே வலப்பக்கம் அகன்று நின்று நிறைய இடத்தைத் தனியாகக் காக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஆள் மாறாமல் இடம் மாறியதில் வந்த பலன் அது. ‘தடுப்பாட்டம் தேறியது’ என்று எழுதியிருந்தால் இதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

சொல் எப்படி வளையும் என்றும் பார்த்தேன். பின்காவல் போடுதல், பின்காவல் இருத்தல், பின்காவல் உடைதல், பின்காவலில் ஓட்டை, பின்காவலர். எல்லாமே கூச்சமில்லாமல் வருகின்றன. இலங்கை நண்பர்கள் உதைபந்தாட்டம் என்று எழுதும் இடத்திலும் இது இடறாது என்று நினைக்கிறேன்.

பட்டியலுக்கான வரைவு:

பின்காவல் – ஓர் அணி தாக்கிக்கொண்டிருக்கும்போதே, பந்து பறிபோனால் எதிர்த்தாக்குதலைத் தொடக்கத்திலேயே அடைக்கும்படி, தாக்குதலில் சேராத ஆட்டக்காரர்கள் நிற்கும் ஏற்பாடு. எண்ணிக்கை பின்வரிசை-முன்வரிசை என்ற ஒழுங்கில்: 2-1, 2-2, 3-2.

கூழை தாங்கல் – பின்காவல் உடைந்தபின், எண்ணிக்கையில் குறைந்த கடைசித் தடுப்பாளர்கள் பின்வாங்கிக்கொண்டே தாக்குதலைத் தாமதப்படுத்துதல்.

தீராமல் இருப்பது கோல்காப்பாளர் விஷயம். ஆலிசன் போன்றவர் பெட்டிக்கு வெளியே வந்து, பின்வரிசையின் முதுகுக்குப் பின்னால் விழும் பந்துகளைத் துடைத்துவிடுகிறார். செயலளவில் அவரும் பின்காவலர்தான். ஆனால் 3-2 என்னும்போது யாரும் அவரை எண்ணுவதில்லை. எண்ணிக்கையில் சேர்க்காமல், விளக்கத்தில் மட்டும் குறிப்பிட்டால் போதும் என்பது என் கருத்து. வேறு எண்ணம் உள்ளவர்கள் சொல்லுங்கள், பதிவை ஏற்றுமுன் திருத்திவிடலாம்.

அன்புடன்.