வெண்பா எழுதினவங்க, மனசுல தங்கிப்போன ஒரு சம்பவம் சொல்லுங்களேன்

செந்தூல்காரி:
அப்பா தவறி பதினாறாம் நாளுக்கு அட்டை அடிச்சோம், உள்ள ஒரு நேரிசை வெண்பா (நாலு அடி, ரெண்டாவது அடி கடைசியில தனிச்சொல் வர்ற வகை), நான் எழுதினது. சடங்கு முடிஞ்சு எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, அப்பாவோட பழைய கூட்டாளி, ரிட்டயர்ட் தமிழ் வாத்தியாரு, அட்டைய வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே விரலால மேசையில தட்டுறாரு. ஒரு அடி, ரெண்டு அடி, மூணாவது அடியில விரல் நின்னுடுச்சு. "அப்பாவின் குரலில்"னு எழுதியிருந்தேன். காய் முன் நிரை, அதாவது "அப்பாவின்"ங்கிற மூணு அசை காய்ச்சீருக்கு அடுத்த சீர் நேர் அசையில (ஒத்தை எழுத்து) தொடங்கணும், "குரலில்" நிரை அசையில (ரெண்டு எழுத்து) தொடங்குது, ஓசை தட்டுது. எனக்கு மூஞ்சியே சூடாயிடுச்சு. அவரு பக்கத்துல கூப்பிட்டு மெதுவா, "வின் வேணாம்மா, அப்பா குரலில்னு போடு, வீட்டுல நீ அப்படித்தானே சொல்லுவ"ன்னாரு. பதினாறு நாளா அழாத நான் அங்கதான் அழுதேன். ரெண்டு வருஷம் ஆச்சு, அந்த விரல் நின்ன எடம் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

பட்டர்வொர்த் மணி:
தங்கச்சி, சாவு வீட்டுல உக்காந்து தளை (சீருக்குச் சீர் ஓசை ஒட்டுதான்னு) பாக்குறது எனக்கு சரியா படல. நல்ல மனுஷனாவே இருக்கட்டும், ஒரு வாரம் கழிச்சு போன்ல சொல்லியிருக்கலாம்.

என்னோடது கல்யாண கார்டு. பினாங்கு லிட்டில் இந்தியாவுல ஒரு அச்சுக்கடையில கொடுத்தோம். ரெண்டாவது அடி கடைசியில "என்றும்"னு தனிச்சொல், முன்னால ஒரு கோடு. டிசைன் பண்ண பையன் கோடு அசிங்கமா இருக்குன்னு எடுத்துட்டு, "என்றும்"ஐ மூணாவது வரிக்குத் தள்ளிட்டான். அடிக்கு நாலு சீர் இருக்க வேண்டியது, மேல மூணு சீர், கீழ அஞ்சு சீர் ஆயிடுச்சு. மேடையில எங்க மாமா மைக்ல வாசிக்கிறாரு, சரியா அந்த எடத்துல தடுக்கி, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சு, மறுபடி அங்கயே தடுக்குறாரு. தப்பு தன் மேலன்னு நெனச்சு என்னைப் பார்த்தாரு பாருங்க, அந்தப் பார்வைய என்னால மறக்க முடியல.

ஆயர் ஈத்தாம் வாசகன்:
எங்க பாட்டி மூணாம் வகுப்புதான். தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறும்போது பாதிப் படியில மூச்சு வாங்க நின்னவங்க, தானா சொன்னாங்க:

கண்ணீர் துடைத்துக் கரம்பிடித்துக் கூட்டிவரும்
பண்ணிசைக்கும் தண்ணீர் மலை

அசை சீர் ஒண்ணும் தெரியாது அவங்களுக்கு. வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பார்த்தா ஒரு தளை கூட தட்டல.

புதுசா எழுதுறவங்களுக்கு நான் சொல்றது இதான், மொதல்ல காதுல ஏத்துங்க. திருக்குறள் 1330மே குறள் வெண்பாதான், தினம் பத்து சத்தமா சொல்லுங்க. அப்புறமா விதி: மா (நேர்ல முடியுற ரெண்டசைச் சீர்) வந்தா அடுத்து நிரை, விளம் (நிரையில முடியுற ரெண்டசைச் சீர்) வந்தாலும் காய் (நேர்ல முடியுற மூணசைச் சீர்) வந்தாலும் அடுத்து நேர், கனி (நிரையில முடியுற மூணசைச் சீர்) வரவே கூடாது. தண்ணீர்மலைன்னு ஒரே சீரா எழுதினா தேமாங்கனி, போச்சு. தண்ணீர், மலைன்னு பிரிச்சு கடைசியில வச்சா அருமையா மலர்ல முடியும். நாள், மலர், காசு, பிறப்பு, இந்த நாலு சொல்லோட ஓசையில ஒண்ணுலதான் ஈற்றடி முடியணும்னு தெரியும்ல, பினாங்குன்னு சொல்லிப் பாருங்க, அச்சு அசல் பிறப்பு! நம்ம ஊரு பேருலயே வெண்பா முடியும். கோலாலம்பூர் நாலசைச் சீர், அதுக்கு வழியே இல்ல. அவலோகிதம் மாதிரி சீர், தளை பிரிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் இருக்கு, ஆனா அதுல போடுறதுக்கு முன்னாடி நீங்களே விரல் விட்டு எண்ணுங்க. மணி தம்பி, வாத்தியார் மேல கோவப்படாதீங்க, தளை தட்டினா காதுக்கு உடனே உறுத்தும், அவரு தேடிப் போயி குத்தம் பாத்திருக்க மாட்டாரு.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாணி:
வழி இருக்கு ஐயா. "கோலாலம் பூரில்"னு வகையுளி (ஒரு சொல்லை ரெண்டு சீரா உடைக்கிறது) போடுங்க, தேமாங்காய், அடுத்து நேர், தளை சரியா வரும். பேரை உடைக்கிறது அழகில்லைன்னு நீங்க சொல்லலாம், ஆனா வழியே இல்லைன்னு சொல்லாதீங்க.

ஆபீஸ்ல ஒரு மலாய்க்கார அக்கா பந்துன்ங்கிற மலாய்ப் பாட்டு எழுதுவாங்க. நாலு வரி, ஒண்ணும் மூணும் ஒரே முடிவு, ரெண்டும் நாலும் ஒரே முடிவு, மொத ரெண்டு வரி சும்மா ஒரு காட்சி, விஷயமெல்லாம் கடைசி ரெண்டுல. 2020ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தப்போ மாமாக் கடையில எல்லாருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்தாங்க. அன்னிக்கு என் வெண்பாவ எழுதிக் காட்டுனேன். வரிக் கடைசியவே பார்த்துட்டு, ரைம் எங்க வாணின்னு கேட்டாங்க. எங்க ரைம் எதுகை, அடி ஆரம்பத்துலயே இருக்குன்னு காட்ட ஒவ்வொரு அடியிலயும் ரெண்டாவது எழுத்த பேனாவால சுழிச்சேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், உங்க பாட்டு வாசல்லயே கைகோத்துக்குது, எங்களுது வழியனுப்புறப்போன்னு மலாய்ல சொன்னாங்க. இவ்வளவு வருஷம் எழுதுறேன், எனக்கு இது தோணவே இல்ல.

செந்தூல்காரி:
மணி அண்ணே, அன்னிக்கு அவரு சொல்லலைன்னா நான் அந்தத் தப்போடவே அட்டைய எடுத்து வச்சிருப்பேன். அன்னிக்கு ராத்திரி மீதி இருந்த அட்டையிலெல்லாம் அண்ணன் பேனா எடுத்து "வின்"ன ஒவ்வொண்ணா அடிச்சாரு, ஒரு வார்த்தை பேசல. அம்மா தலைமாட்டுல இருக்குறதும் அதுல ஒண்ணுதான்.