வடிவியல் அரூப ஓவியமும் கொரியாவும்: எங்கள் குடும்பக் குழுவில்

பெரியப்பா: நந்தினி, நீ அனுப்பிய கொரிய ஓவியர் யூ யங்குக்கின் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்த உருவத்தையும் அப்படியே காட்டாத முக்கோணங்களும் பட்டைகளும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் இவை ஐரோப்பியரைப் பார்த்து வரைந்தவை அல்லவா?

நந்தினி: தொடக்கம் வெளியிலிருந்து வந்தது உண்மைதான், பெரியப்பா. கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த 1930-களில் யூ யங்குக்கும் கிம் ஹ்வான்கியும் டோக்கியோவில் கலை பயின்றார்கள். ஹ்வான்கியின் 'ரோண்டோ' என்ற ஓவியம் 1938-இல் உருவானது. ஆனால் அந்த வடிவங்கள் கொரியச் சமூகத்துக்குள் சென்று என்னவாயின என்பதையே நாம் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மலர் அத்தை: சாதாரண மக்களின் கண்ணில் இவை பட்டனவா, நந்தினி?

நந்தினி: பட்டன, அத்தை. சியோலின் தன்சங்சா திரையரங்கு வெளியிட்ட துண்டறிக்கைகளிலேயே இத்தகைய வடிவமைப்பு வந்துவிட்டது. கட்டடக்கலை படித்து, காலனி அரசின் அலுவலகத்தில் வரைவாளராக வேலை பார்த்த கவிஞர் யி சாங், 1929-இல் ஒரு கட்டடக்கலை இதழின் அட்டை வடிவமைப்புப் போட்டியில் முதற்பரிசு பெற்றார்.

பெரியப்பா: வரைவு மேசையில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் என்பதால் அந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிறகு என்ன நடந்தது?

நந்தினி: பிறகு உலகப் போரும் கொரியப் போரும் வந்தன. யூ யங்குக் ஊர் திரும்பி மீன்பிடித் தொழிலும் மதுவடிப்பாலையும் நடத்திவிட்டு, 1955-இல்தான் முழுமையாக ஓவியத்துக்கு மீண்டார். என் பார்வையில் மிக முக்கியமான காலம் 1960-கள். ஐந்தாண்டுத் திட்டங்களும் நெடுஞ்சாலைகளும் தொழிற்சாலைகளும் நாட்டையே உருமாற்றிக்கொண்டிருந்தபோது, கொரியப் போரின் ரணத்தை அடர்ந்த வண்ணத்தால் கொட்டிய முந்தைய தலைமுறையின் ஓவியத்திலிருந்து விலகி, 'ஒரிஜின்' என்ற ஓவியர் குழுவின் இளைஞர்கள் தெளிந்த கோட்டையும் சீரான பரப்பையும் தேர்ந்தெடுத்தார்கள். 1967-இல் இளம் கலைஞர்களின் கூட்டுக் கண்காட்சி நடந்தது. அதே ஆண்டு ஹா சோங்யன் 'நகரத் திட்ட வெள்ளை அறிக்கை' என்றே ஓர் ஓவியத்துக்குப் பெயரிட்டார். லீ செங்ஜியோ குழாய்களைப் போன்ற உருளை வடிவங்களை வரைந்தார். தட்டையான தூரிகையின் நடுவில் வெளிர்நிறத்தையும் ஓரங்களில் அடர்நிறத்தையும் ஏற்றி ஒரே இழுப்பில் இழுத்தால், தட்டைத் துணியில் உலோகத்தின் பளபளப்பும் திரட்சியும் வந்துவிடும். 1968-இல் அவருக்குத் தேசியக் கண்காட்சியிலும் பரிசு கிடைத்தது.

பெரியப்பா: ஒரே இழுப்பிலா! மை ஊறாமல் ஒரு கோடு போடுவதற்கே கை எவ்வளவு பழக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு இருந்தும் இந்தப் பெயர்களை நாம் ஏன் கேள்விப்படவில்லை?

நந்தினி: 1970-களில் ஒற்றை நிற ஓவிய இயக்கமான தன்செக்வா எழுந்து, கொரிய அரூபக் கலையின் முகமாகவே உலகத்தால் அறியப்பட்டுவிட்டது. ஹா சோங்யனே அதன் முன்னணிக் கலைஞர்களில் ஒருவரானார். வடிவியல் ஓவியம் வெறும் அலங்காரம் என்று ஒதுக்கப்பட்டது. அது நியாயமற்ற தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன். க்வாச்சனில் உள்ள தேசிய நவீன கலை அருங்காட்சியகம் 2023-இல் இதற்கென்றே ஒரு பெரிய கண்காட்சியைத் தொடங்கி, 2024 மே வரை நடத்தியது.

மலர் அத்தை: அப்படியானால் நீ அனுப்பிய படத்தில் இருக்கும் முக்கோணமும் நகரம்தானா?

நந்தினி: இல்லை அத்தை, அது மலை. யூ யங்குக் பிறந்த உல்ஜின், கிழக்குக் கடலோரத்தில் மலைகள் சூழ்ந்த ஊர். 1964-இல் தம் முதல் தனிக் கண்காட்சியை நடத்திய பிறகு, குழுக்களை விட்டு விலகித் தனியே உழைத்த அவர், அந்த மலையையே சிவப்பிலும் நீலத்திலும் இறுதிவரை தீட்டிக்கொண்டிருந்தார்.