மதுரையில் தலைப்பிரசவத்திற்கு நர்சிங் ஹோம்களை எதை வைத்து ஒப்பிடுவது?

தென்கரை வாசி:

வணக்கம். என் தங்கைக்கு இது தலைப்பிரசவம். திருமணமாகிச் சென்னையில் இருப்பவளை, வளைகாப்பு முடித்து, சென்ற வாரம்தான் வில்லாபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். இதுவரை அவளைப் பார்த்துவந்த மருத்துவர் சென்னையில் இருக்கிறார். பிரசவம் பார்க்கப் போகிறவர் யார் என்பதை இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும். தாய்வீட்டில் தலைப்பிரசவம் என்ற வழக்கத்தில் இப்படி ஒரு சங்கடம் இருக்கிறது: ஏழு மாதம் ஒருவர் பார்த்துவந்த உடம்பை, எட்டாம் மாதத்தில் முன்பின் தெரியாத இன்னொருவரிடம் ஒப்படைக்கிறோம்.

மூன்று நர்சிங் ஹோம்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது கே.கே. நகர்ப் பக்கம் உள்ள ஐந்து மாடிக் கட்டடம்; மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் தேசிய வாரியம் தரும் என்.ஏ.பி.எச். சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள், பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது. இரண்டாவது அண்ணா நகரில் ஒரு மருத்துவத் தம்பதியர் நடத்தும் இருபது படுக்கைகள் கொண்ட இடம். மூன்றாவது எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது, கட்டணமும் குறைவு. முதல் இரண்டும் வைகைக்கு வடகரையில் இருப்பதும், தங்கைக்குக் கொடுத்திருக்கும் தேதி சித்திரைத் திருவிழாவை ஒட்டி வருவதும் எங்கள் கவலையைக் கூட்டுகின்றன. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பாலத்தைத் தாண்டி வடகரையில் உள்ள கோரிப்பாளையத்தைக் கடப்பது எப்படியிருக்கும் என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூகுளில் ஏறக்குறைய இருநூறு விமர்சனங்களைப் படித்துவிட்டேன். வண்டி நிறுத்த இடம் இல்லை என்றும், கேண்டீன் காபி நன்றாக இருந்தது என்றும், வரவேற்பில் இருந்த பெண் எரிந்து விழுந்தார் என்றும் எழுதியிருக்கிறார்களே தவிர, பிரசவ அறைக்குள் என்ன நடந்தது என்பதை ஒருவரும் எழுதவில்லை. சிசேரியன் விகிதத்தைக் கேட்டால் மூன்று இடத்திலும் சிரித்து மழுப்புகிறார்கள். வேறு எதை வைத்துத்தான் ஒப்பிடுவது?

சிம்மக்கல் சீனு:

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு நடந்ததைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். கைராசிக்காரர் என்று ஊரே சொல்லும் மருத்துவர், அதில் எனக்கு இன்றும் மறுப்பில்லை. சுகப்பிரசவம் ஆகி, குழந்தையைக் கையில் வாங்கி, சர்க்கரை கொடுத்து முடித்த பிறகு, இரவு இரண்டு மணி சுமாருக்கு மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே ரத்தம் இல்லை. சீட்டை என் கையில் கொடுத்து வெளியே இருக்கும் ரத்த வங்கிக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து கொடுப்பவர் வேறொரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சையில் இருந்தார். நான் இரண்டு யூனிட் ரத்தத்தோடு திரும்பி வருவதற்கும் அவர் வந்து சேருவதற்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆயிற்று. மனைவி பிழைத்துக்கொண்டாள்.

ஆகவே என்னைப் பொறுத்தவரை, மருத்துவர் யார் என்பதைவிட, அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கட்டடத்துக்குள் யார், எது இருக்கிறது என்பதே ஒப்பிட வேண்டிய விஷயம். ரத்தச் சேமிப்பு மையம் உள்ளேயே இருக்கிறதா, இல்லையென்றால் எங்கிருந்து, யார் போய் எடுத்து வருவார்கள், மயக்க மருத்துவர் இங்கேயே பணிபுரிகிறவரா அல்லது கூப்பிட்டால் வருகிறவரா, வர எத்தனை நிமிடம் ஆகும் என்று கேளுங்கள். அவசரச் சிசேரியன் என்று முடிவெடுத்தால் அரை மணி நேரத்துக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்பது மருத்துவ உலகம் பொதுவாக வைத்திருக்கும் இலக்கு. வடகரை மருத்துவமனைக்கு மயக்க மருத்துவர் தென்கரையில் உள்ள பைபாஸ் ரோட்டிலிருந்து கிளம்பி வருகிறார் என்றால் அந்த அரை மணி நேரம் பாலத்திலேயே கரைந்துவிடும்.

ஓய்வு பெற்ற செவிலியர்:

தம்பி, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். மேலே சீனு சொல்லியிருப்பது சரி, ஆனால் அவர் விட்டுப்போன ஆள் ஒருவர் இருக்கிறார். ரத்தப்போக்கை முதலில் கண்டுபிடிப்பது மருத்துவர் அல்லர். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்தான். பிள்ளை பிறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் கால் மணிக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், கருப்பை இறுகியிருக்கிறதா, ரத்தம் எவ்வளவு போகிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அதைச் செய்கிறவருக்கு அது ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும். நிறைய நர்சிங் ஹோம்களில் வெள்ளைச் சீருடையில் நடமாடும் பெண்களில் பலர் ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயமோ பி.எஸ்ஸி. நர்சிங்கோ படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் அல்லர். ஓராண்டு உதவியாளர் பயிற்சி முடித்துக் குறைந்த சம்பளத்துக்கு வந்த பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான், உழைப்பாளிகள்தான், ஆனால் ஓர் ஆபத்தைப் பார்த்த உடனே அதை ஆபத்து என்று அடையாளம் கண்டுகொள்ளும் பயிற்சி அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. இரவுப் பணியில் பதிவு பெற்ற செவிலியர் எத்தனை பேர், எத்தனை தாய்மார்களுக்கு ஒருவர், தங்கியிருக்கும் டியூட்டி டாக்டர் எம்.பி.பி.எஸ். முடித்தவரா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்று, பகலில் புறநோயாளிகள் கூட்டத்தோடு போய்ப் பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் போங்கள். பிரசவ அறைக்குள் விடமாட்டார்கள், அது நியாயம். ஆனால் குழந்தையை வைக்கும் வார்மர் வேலை செய்கிறதா, மூச்சு விடாத குழந்தைக்குக் காற்றுச் செலுத்தும் பையும் முகமூடியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா, அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் இரவில் யார் என்று பணியில் இருக்கும் செவிலியரிடம் கேட்கலாம். தெரிந்தவர் யோசிக்காமல் சொல்வார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவுக்கு நான்கு நிறங்கள் உண்டு. சிவப்புத் தொட்டியில் ஊசியும் மஞ்சள் தொட்டியில் டிபன் பொட்டலமும் கிடந்தால் உள்ளே மற்ற ஒழுங்குகளும் அப்படித்தான் இருக்கும் என்பது என் அனுபவம். ஐந்து மாடியைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், சிறிய இடம் என்று ஒதுக்கவும் வேண்டாம்.

எண்களோடு பேசுபவன்:

சிசேரியன் விகிதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2019–21 காலத்து ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதமும் அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதமும் சிசேரியன்கள். இது மாநிலக் கணக்கு. தனித்தனி நர்சிங் ஹோமின் கணக்கை நம்மைப் போன்றவர்கள் எடுத்துப் பார்க்க வழியில்லை. கிடைத்தாலும் அப்படியே ஒப்பிட்டால் தவறாகப் போகும். இரட்டைக் குழந்தை, முன்பே சிசேரியன் ஆனவர், ரத்தக்கொதிப்பு உள்ளவர் என்று சிக்கலானவர்களை எல்லாரும் அனுப்பிவைக்கும் இடத்தில் விகிதம் கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ராப்சன் வகைப்பாடு இதற்காகவே தாய்மார்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்துப் பார்க்கிறது. ஆகவே மருத்துவரிடம் மொத்த விகிதத்தைக் கேட்காமல், "தலைப்பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழாகத் திரும்பியிருக்கிறது, மாதம் நிறைந்து தானாக வலி வந்தது, அப்படிப்பட்டவர்களில் உங்களிடம் எத்தனை பேருக்குச் சிசேரியன் ஆகிறது?" என்று கேளுங்கள். தன் வேலையைக் கணக்குப் பார்க்கும் மருத்துவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

என்.ஏ.பி.எச். பற்றியும் ஒரு சொல். தொடக்கநிலைச் சான்றிதழ் வேறு, முழு அங்கீகாரம் வேறு. சுவரில் மாட்டியிருக்கும் சட்டத்துக்குள் இருப்பது எது, காலாவதி ஆகிவிட்டதா என்று படித்துப் பார்க்க வேண்டும். எழுத்தில் நடைமுறைகள் இருக்கின்றன, பதிவேடுகள் இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. இரவு இரண்டு மணிக்கு யார் வருவார் என்பதற்கு அன்று. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டியது கட்டாயம் என்பதால், அந்தச் சான்று இல்லாத இடத்தை ஒப்பீட்டிலேயே சேர்க்க வேண்டாம். செலவைப் பொறுத்தவரை, "பேக்கேஜ்" என்று சொல்லும் தொகைக்குள் மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர் கட்டணங்களும் குழந்தைக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் ஆகும் நாள்கட்டணமும் அடங்குமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலூர்க்காரி:

அரசு ராஜாஜி மருத்துவமனையை யாரும் பட்டியலில் வைக்காததைப் பார்த்து எழுதுகிறேன். மேலே பேசிய ரத்தம், மயக்க மருத்துவர், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே வளாகத்தில் இருக்கும், தாய்க்கும் பச்சிளங் குழந்தைக்கும் அவசர சிகிச்சை தரும் சீமாங் மையம் அது. நர்சிங் ஹோமில் கைமீறிப் போனால் 108 வண்டியில் ஏற்றி அனுப்புவதும் பெரும்பாலும் அங்கேதான். கூட்டம், கட்டில் நெருக்கடி, கழிப்பறை ஆகியவற்றைப் பற்றி நான் பொய் சொல்லப் போவதில்லை; என் அக்கா மூன்று நாளும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

இதையெல்லாம்விட ஒன்று கேட்க வேண்டும். நீங்கள், உங்கள் குடும்பம், நாங்கள் நான்கு பேர் என்று எல்லாரும் பேசுகிறோம். உங்கள் தங்கை என்ன சொல்கிறார்?

தென்கரை வாசி:

எல்லாருக்கும் நன்றி. மேலூர்க்காரி கேட்டது சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் உண்மையிலேயே நாங்கள் அவளைக் கேட்டிருக்கவில்லை.

ஞாயிறு இரவு மூன்று இடங்களுக்கும் போய் வந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இடத்தில் இரவில் டியூட்டி டாக்டரே இல்லை என்று காவலாளியே சொன்னார், ஆகவே அதை விட்டுவிட்டோம். ஐந்து மாடிக் கட்டடத்தில் எல்லா வசதியும் இருக்கிறது, ஆனால் வார்டில் இருந்த செவிலியரிடம் எதைக் கேட்டாலும் "காலையில் பி.ஆர்.ஓ.விடம் கேளுங்கள் சார்" என்பதே பதிலாக இருந்தது. அண்ணா நகரில் ஜி.என்.எம். படித்த, பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கேயே இருக்கும் ஓர் அம்மா என்னை உட்காரவைத்துப் பதில் சொன்னார். ரத்தம் உள்ளே இல்லை என்பதை மறைக்கவில்லை. தங்கையின் வகைக்கு உரிய ரத்தத்தை முன்பே சொல்லிவைத்து, வலி வந்ததும் தங்கள் ஆளே எடுத்து வருவார் என்றார். மயக்க மருத்துவர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது, தேவைப்பட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டபோது, "அம்மாவை உள்ளே என்கூட இருக்க விடுவார்களா?" என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி. நாங்கள் ஒருவரும் யோசிக்காத கேள்வி அது. அண்ணா நகரில் விடுவார்கள், கே.கே. நகரில் விடமாட்டார்கள். இதுவரை எடுத்த ஸ்கேன்களில் சிக்கல் எதுவும் இல்லாததால் அண்ணா நகர் என்று முடிவு செய்திருக்கிறோம்; சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ கூடினால் மறுபேச்சு இல்லாமல் குழந்தைகள் பிரிவு உள்ள இடத்துக்கு மாறிவிட வேண்டும் என்று அந்த மருத்துவரே சொல்லியிருக்கிறார். எங்கள் சித்தி வீடு அண்ணா நகரிலேயே இருப்பதால், அழகரை மதுரையில் வரவேற்கும் எதிர்சேவைக்கு ஒரு வாரம் முன்பே அம்மாவும் தங்கையும் ஆற்றைக் கடந்து அங்கே போய்விடுவார்கள்.