ஜனவரியிலும் எரியும் அடுப்பு: பார்பிக்யூவை ஆண்டு முழுவதும் பயன்படுத்துவோரின் அனுபவங்கள்

கனடாவின் ஒன்ராறியோவில் பெரும்பாலான வீடுகளில் பார்பிக்யூ அடுப்பு மே மாதத்து விக்டோரியா தின விடுமுறையோடு வெளியே வரும்; ஒக்டோபரில் நன்றிகூறல் நாள் முடிந்ததும் உறைக்குள் போய்விடும். நான் ஸ்காபரோவில் பல ஆண்டுகளாகப் பன்னிரண்டு மாதமும் அதை எரித்து வருகிறேன். ஜனவரிக் குளிரைத் தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்கினால் கோடையில் அந்த அடுப்பைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியதில்லை என்பதும், இடைவிடாமல் பயன்படும் அடுப்பே நீண்ட காலம் உழைக்கும் என்பதும் இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்டுவிட்டன.

வெண்பனியில் நின்று சமைப்பது வீண் சிரமம் என்று உறவினர் பலர் சொல்வதுண்டு. நம்முடைய சமையலுக்கோ அதுதான் மிகவும் தேவைப்படும் காலம். நவம்பரிலிருந்து மார்ச் வரை யன்னலைத் திறக்க முடியாது. வீட்டுக்குள் மீன் பொரித்தாலோ கருவாடு சுட்டாலோ அந்த மணம் வாசலில் தொங்கும் குளிர் அங்கிகளில் ஏறி, மறுநாள் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் வரை போய்விடும். வெளியே அடுப்பு இருந்தால், கட்டாக் கருவாட்டையும் விளைமீனையும் எந்தத் தயக்கமும் இன்றிச் சுடலாம். கத்தரிக்காயைத் தோல் கருகும் வரை சுட்டுச் சம்பலும் போடலாம். கத்தரிக்காயை முள்ளுக்கரண்டியால் நாலைந்து இடங்களில் குத்தாமல் வைத்துவிடாதீர்கள். உள்ளே நீராவி அடைத்து வெடித்துவிடும்.

கடையில் அடுப்பைப் பார்க்கும்போது பலர் முதலில் வாசிப்பது பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பிரிஐயு (BTU, வெப்பத்தை அளக்கும் அலகு) எண்ணைத்தான். அந்த எண் எரிவாயு எவ்வளவு செலவாகும் என்பதைச் சொல்லுமேயன்றி, அந்த வெப்பம் உள்ளே தங்குமா என்பதைச் சொல்லாது. சமைக்கும் பரப்பின் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 100 பிரிஐயு இருந்தால் போதும். அதைவிட முக்கியமானது மூடி. கையால் தூக்கிப் பார்க்கும்போது தகரம்போல் நடுங்கும் மெல்லிய மூடியென்றால், பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியஸில் காற்றும் வீசும் ஒரு மாலையில் அடுப்பு 200 பாகையை எட்டுவதற்கே திணறும். இரட்டைச் சுவர் மூடியோ, பக்கங்கள் வார்ப்பு அலுமினியத்தில் அமைந்த மூடியோ உள்ள அடுப்பு அதே நாளில் எளிதாகச் சூடேறும். உருக்கின் தரத்தைப் பார்க்க ஒரு சிறு காந்தம் போதும். 304 வகைத் துருப்பிடிக்காத உருக்கில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. விலை குறைந்த 430 வகையில் நன்றாக ஒட்டிக்கொள்ளும், அது விரைவில் புள்ளி புள்ளியாகத் துருவேறும். இவற்றோடு, பத்து ஆண்டுகள் கழித்தும் எரிகுழாயும் வெப்பத் தகடுகளும் தனியாக வாங்கக் கிடைக்குமா என்று கேளுங்கள். பாரியில் உள்ள நெப்போலியன், வாட்டர்லூவில் உள்ள பிரொயில் கிங் போன்ற ஒன்ராறியோ நிறுவனங்களின் அடுப்புகளுக்கு உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டியிருப்பதில்லை என்பது என் அனுபவம்.

இயற்கை எரிவாயுக் குழாய் பின்முற்றம் வரை வரக்கூடிய வீடாக இருந்தால், தயங்காமல் அதையே எடுங்கள். இணைப்பை உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பவியலாளர்தான் செய்ய வேண்டும். அந்தச் செலவு ஒருமுறைதான். ஆனால் சிலிண்டரில் வரும் புரொப்பேன் எரிவாயுவுக்கான அடுப்பை வாங்கிவந்து அதே குழாயில் மாட்ட முடியாது. எரிவாயு வெளிவரும் துவாரங்களின் அளவு வேறு.

புரொப்பேன் சிலிண்டரைக் குளிரில் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டியவை சில உள்ளன. புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையில்தான் கொதிக்கும். ஆகவே ரொறன்ரோக் குளிரில் அது ஆவியாகாமல் போவதில்லை. ஆயினும், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், கோடைக்கால 20 பாகையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். திரவம் ஆவியாகும்போது சிலிண்டரும் தானே மேலும் குளிர்ந்துவிடுகிறது. சிலிண்டரில் கால்வாசிக்கும் குறைவாக எரிவாயு இருக்கும்போது திரவம் உலோகத்தைத் தொடும் பரப்பும் சிறிதாகிவிடுவதால், சுவாலை மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும். அடுப்புப் பழுதாகிவிட்டது என்று பலர் நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். குளிர்காலத்தில் நிறைந்த சிலிண்டரைக் கொண்டு தொடங்குவதே நல்லது. பாதி தீர்ந்ததைக் கோடைக்கு ஒதுக்கிவையுங்கள். சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்து நிறுத்துப் பார்த்தால் மீதி தெரிந்துவிடும்: நிரப்பும் அளவு 20 இறாத்தல், அதாவது சுமார் 9 கிலோகிராம்.

இன்னொரு தொல்லையைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அடுப்பு பற்றுகிறது, ஆனால் எவ்வளவு திருகினாலும் 130, 140 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அடுப்பின் திருகு குமிழ் திறந்திருக்கும் நிலையிலோ, மிக வேகமாகவோ சிலிண்டரின் வால்வைத் திறந்தால், எங்கோ கசிகிறது என்று கொண்டு இணைப்பில் உள்ள காப்புப் பொறி ஓட்டத்தைக் குறைத்துவிடுகிறது. கை விறைக்கும் குளிரில் எல்லோரும் அவசரப்படுவதால் இது அந்தக் காலத்திலேயே அதிகம் நிகழ்கிறது. எல்லாக் குமிழ்களையும் சிலிண்டரையும் மூடி, இணைப்பைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டு, மீண்டும் பூட்டி, வால்வை மிக மெதுவாகத் திறந்தால் சுவாலை பழைய நிலைக்கு வந்துவிடும். அப்படியும் சரியாகாவிட்டால் அழுத்தச் சீராக்கியின் (ரெகுலேற்றரின்) சிறு மூச்சுத்துளையைப் பாருங்கள். அது கீழ்நோக்கி இருக்க வேண்டும். அதில் பனிக்கட்டி அடைத்திருக்கவும் கூடாது.

குளிருக்கு அஞ்சி அடுப்பைச் சுவரோரமாகவோ கராஜ் வாசலுக்குள்ளோ இழுப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. இங்குள்ள வீடுகளின் வெளிச்சுவரில் பதித்திருக்கும் வினைல் பலகை 70 பாகை அளவிலேயே இளகி நெளியத் தொடங்கும். கராஜ் கதவு முழுதாகத் திறந்திருந்தாலும் கார்பன் மொனொக்சைட்டு உள்ளே தேங்கக்கூடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சிலிண்டரையும் வீட்டுக்குள் வைக்கக் கூடாது, கராஜிலும் வைக்கக் கூடாது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். சிலிண்டர் வெளியிலேயே, நிமிர்ந்தபடி, பனியில் நிற்கட்டும். அதனால் அதற்கு ஒரு கேடும் வராது. காற்று அடுப்பின் பின்புறத்திலிருந்து அடிக்காதவாறு மட்டும் திருப்பி வையுங்கள். பின்னிருந்து தள்ளும் காற்று உள்ளே உள்ள வெப்பத்தைக் குமிழ்களின் பக்கம் திருப்பிவிடும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் அடுப்புக்குத்தான் நோய் அதிகம். உறைக்குள் ஈரம் தங்கும். எரிகுழாயின் வாயில் சிலந்தி வலை பின்னும். எண்ணெய்த் தட்டில் மிஞ்சிய கொழுப்பைத் தேடி எலி வந்து கூடு கட்டும். சிலந்தி வலை அற்பமான ஒன்றல்ல. குழாய் அடைபட்டால் எரிவாயு பின்னோக்கி வந்து குமிழ்களுக்கு அருகே தீப்பற்றும். நீலமாக எரிய வேண்டிய சுவாலை சோம்பலான மஞ்சளாகத் தெரிந்தால், உடனே மூடிவிட்டு, குழாயைக் கழற்றி, நீண்ட மெல்லிய தூரிகையால் துடைத்தெடுங்கள். வாரம் ஒருமுறை எரியும் அடுப்பில் இந்தச் சிக்கல் வெகு அரிது. வெப்பமே ஈரத்தையும் பூச்சிகளையும் விரட்டிவிடுகிறது. சமைத்து முடித்த பிறகு கம்பிகளைச் சுரண்டி, சூடு தணியும்போது எண்ணெய் பூசிவிட்டால் வார்ப்பிரும்புக் கம்பிகள் தோசைக்கல்லைப் போலப் பழகிவிடும். எண்ணெய்த் தட்டை மாதந்தோறும் வழித்தெடுங்கள். உள்ளே கொழுப்பு தீப்பற்றினால் குமிழ்களையும் சிலிண்டரையும் மூடி, மூடியையும் மூடி வையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

கம்பித் தூரிகையை நான் கைவிட்டுவிட்டேன், நீங்களும் கைவிட வேண்டும். அதிலிருந்து உதிரும் கம்பி இழை இறைச்சியில் ஒட்டித் தொண்டையிலோ குடலிலோ குத்திவிடுகிறது. 2002 முதல் 2014 வரை அமெரிக்காவில் ஏறக்குறைய 1,700 பேர் இதனால் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குச் சென்றிருக்கக்கூடும் என ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பாதியாக வெட்டிய வெங்காயத்தை முள்ளுக்கரண்டியில் குத்திச் சூடான கம்பிமேல் தேய்த்தாலே பெரும்பகுதி அழுக்கு போய்விடும். மீதியை மரச் சுரண்டி பார்த்துக்கொள்ளும்.

கடைசியாகச் சமையல். நம் வறுத்த தூளை நேர்ச் சுவாலையில் காட்டினால் இறைச்சி வேகுமுன் தூள் கருகிக் கசந்துவிடும். கோழிக்காலில் மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, உப்பு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சம்பழச் சாறு ஆகியவற்றைப் பிரட்டி முதல்நாள் இரவே வைத்துவிடுங்கள். அடுப்பின் ஒரு பக்கத்தை மட்டும் எரியவிட்டு, எரியாத பக்கத்தில் துண்டுகளை அடுக்கி மூடுங்கள். குளிர்காலத்தில் ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் வெப்பம் முழுவதும் போய்விடுவதால், வெளியிலிருந்தே வாசிக்கக்கூடிய வெப்பமானி மிகவும் உதவும். உட்பகுதி 74 பாகையை எட்டியதும், கடைசி இரண்டு மூன்று நிமிடங்களுக்குச் சுவாலைப் பக்கம் மாற்றித் தோலை மொறுமொறுப்பாக்குங்கள். எனக்கு இந்தக் கோழி கோடையைவிடப் பெப்ரவரியில்தான் சுவை கூடியதாகத் தெரிகிறது. வெளியே மூக்கு உறையும் குளிரில் மூடியைத் தூக்கும்போது முகத்தில் அடிக்கும் அந்த மிளகு வாசத்துக்கு ஈடில்லை.

ஒட்டாவாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, நீங்கள் எழுதியவை யாவும் எரிவாயு அடுப்பைப் பற்றியவை. நான் கரி அடுப்பையே பயன்படுத்துகிறேன், மாற்றும் எண்ணமும் இல்லை. 1952ஆம் ஆண்டு சிக்காகோவில் ஜோர்ஜ் ஸ்டீபன் ஓர் உலோக மிதவையைக் குறுக்கே வெட்டி உருவாக்கிய அந்த உருண்டை வடிவம், காற்றுக்கும் மழைக்கும் மூடியால் பதில் சொல்வதற்கென்றே அமைந்தது. அதனால்தான் இன்றும் அது பனியில் நன்றாக வேலை செய்கிறது. குளிரில் கரி கூடுதலாக வேண்டும், கீழ்த்துவாரத்தையும் கோடையைவிட அகலமாகத் திறக்க வேண்டும். வேறு கடினம் ஒன்றும் இல்லை. பற்றவைக்கும் திரவத்தைத் தொடாதீர்கள், அதன் நெடி மீனில் ஏறிவிடும். புகைபோக்கி வடிவப் பற்றவைப்பானில் கரியை நிரப்பிக் கீழே கடதாசியைக் கொளுத்தினால் 15, 20 நிமிடத்தில் மேற்கரியில் சாம்பல் பூக்கும். அப்போது கொட்டுங்கள்.

நான் வலியுறுத்த விரும்புவது சாம்பலைப் பற்றி. ஈரம் ஏறிய சாம்பல் எனாமல் உதிர்ந்த இடங்களில் இரும்பை அரித்துவிடும், எனவே அடுத்த மழைக்கு முன் அள்ளிவிட வேண்டும். ஆனால் மேலே ஆறித் தெரியும் சாம்பலுக்குள் நெருப்பு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் மர டெக், கடதாசிப் பையில் கட்டி வைத்த சாம்பலால் எரிந்துபோனது. மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, மரத்தின்மேல் வைக்காமல், வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

மிசிசாகாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

பயனுள்ள பகிர்வு, அண்ணா. நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம். நிர்வாகம் புரொப்பேனுக்கும் கரிக்கும் அனுமதி தரவில்லை. மின்சார அடுப்பு ஒன்றைப் பல்கனியில் வைத்திருக்கிறோம். குளிர் பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையைத் தாண்டினால் அதன் வெப்பம் போதாமல் போகிறது. மெல்லிய இறால், பனீர், அன்னாசித் துண்டு போன்றவற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். நீட்டிப்பு வயர் குறித்து உங்கள் கருத்து என்ன?

மறுமொழி:

தங்கச்சி, இயன்றவரை சுவர்ச் செருகியிலேயே நேரடியாக மாட்டுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால், வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்றே குறிக்கப்பட்ட, தடித்த, குறுகிய, நிலக்கம்பியுள்ள வயரை வாங்குங்கள். மெல்லிய நீண்ட வயரில் மின்னழுத்தம் விழுந்து அடுப்பின் வெப்பம் இன்னும் குறைவதோடு வயரும் சூடேறும். செருகி மின்கசிவுத் துண்டிப்பான் உள்ளதாக இருக்கட்டும். இணைப்பு பனிநீர் தேங்கும் தரையில் கிடக்கக் கூடாது. சமைப்பதற்கு 20 நிமிடங்களுக்கு முன்பே மூடியோடு சூடேற விடுங்கள். இறால் மட்டுமல்ல, மெல்லிதாக அரிந்த மாட்டிறைச்சியும் அதில் வரும் என்று நினைக்கிறேன். செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒட்டாவா உறுப்பினர் சொன்ன சாம்பல் வாளியைக் கரி அடுப்பு வைத்திருக்கும் எல்லோரும் இன்றே வாங்கிவிடுங்கள். புரொப்பேன் வைத்திருப்போர் சிலிண்டரின் கழுத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். கனடாவில் பத்து ஆண்டு கடந்த சிலிண்டரை மறுபரிசோதனை செய்யாமல் நிரப்ப மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை இறைச்சியை ஊறவைத்துவிட்டு நிரப்பு நிலையத்துக்குப் போய்த் திரும்பி வருவதைவிட, இப்போதே பார்த்துவைப்பது நல்லது. புதுச் சிலிண்டரைப் பூட்டும் ஒவ்வொரு முறையும் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து இணைப்பில் தடவுங்கள். குமிழி எழுந்தால் பற்றவைக்காதீர்கள்.