மறு: டீஃபிராக்மென்ட் – ‘துண்டுநீக்கம்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

> ‘மெய்நிகர் எந்திரங்களைத் தாங்கும் ஓம்பிக் கணினியில் வாரம் ஒருமுறை வட்டுத் துண்டுநீக்கம் செய்யவும்.’ கையேட்டில் இந்த வரியை இப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. சொல்லும் இடிக்கிறது, அறிவுரையும் இடிக்கிறது.

மெய்நிகர் எந்திரம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. அதைத் தாங்கும் கணினிக்கு (ஹோஸ்ட்) ‘ஓம்பி’ இருக்கட்டும். அதற்குள் ஓடுவதை (கெஸ்ட்) ‘விருந்து எந்திரம்’ என்றால் பொருத்தமாகவே இருக்கும். சிக்கல் டீஃபிராக்மென்டுக்கான ‘துண்டுநீக்கம்’தான். வேண்டாத எதையோ அழித்து இடம் மிச்சப்படுத்தும் வேலை என்றுதான் படிப்பவர் நினைப்பார். உண்மையில் எதுவும் நீங்குவதில்லை. கோப்பின் சிதறிய தொகுதிகளை (பிளாக்) படித்து, வேறிடத்தில் அடுத்தடுத்து எழுதுகிறோம், அவ்வளவுதான். மேசைக்கணினியில் இந்த வேறுபாடு யாருக்கும் உறைக்காது. ஓம்பியில் அந்த மறு எழுத்தில்தான் வில்லங்கமே இருக்கிறது.

விருந்து எந்திரத்துக்குள் டீஃபிராக் ஓட்டினால் என்ன ஆகும்? அது தன் வட்டு என்று நினைப்பது ஓம்பியில் இருக்கும் ஒரு கோப்பு. தேவைக்கேற்ப வளரும் வகை வட்டாக இருந்தால், தொகுதிகள் இதுவரை தொடாத இடத்துக்கு நகர நகர அந்தக் கோப்பு பருக்கும். ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்த நேர நிலையின் பதிவு) எடுத்து வைத்திருந்தால், அதன்பின் மாறியதைச் சேமிக்கும் வேறுபாட்டுக் கோப்பு வீங்கும். மாறிய தொகுதிகளை மட்டும் நகலெடுக்கும் காப்புப்பிரதி மென்பொருளோ, நகர்ந்ததை எல்லாம் மாறியதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு பைட் தரவுகூட மாறியிருக்காது, ஆனால் அன்றிரவுக் காப்புப்பிரதி பல மடங்காகும்.

சரி, ஓம்பியிலேயே ஓட்டினால்? மெய்நிகர் எந்திரங்களை ஓட்டும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில், வளரும் வகை விஎச்டிஎக்ஸ் வட்டுக் கோப்பின் இயல்பான தொகுதி அளவு 32 எம்பி. நொடிக்கு 150 எம்பி படிக்கும் சுழல்வட்டில் ஒரு தொகுதியைப் படிக்கவே 200 மில்லிநொடிக்கு மேல் பிடிக்கும். அடுத்த துண்டுக்கு வட்டைப் படிக்கும் தலை தாவ 10 மில்லிநொடி கூடினால் என்ன குடிமுழுகிவிடும்? தவிர, பல எந்திரங்கள் ஒரே வட்டில் ஓடும்போது, கோப்புகள் எவ்வளவு ஒழுங்காகக் கிடந்தாலும் தலை அங்குமிங்கும் ஓடத்தான் செய்யும். கீழே, தரவைப் பல வட்டுகளில் பிரித்து எழுதும் ரெய்டு வரிசை இருந்தால், கோப்பு முறைமை ‘அடுத்தடுத்து’ என்று நினைப்பது பல வட்டுகளில் பரவித்தான் கிடக்கும்.

நினைவகச் சில்லுகளால் ஆன எஸ்எஸ்டியில் தாவத் தலையே இல்லை. பொதுவாக மிஞ்சுவது, மீண்டும் எழுதுவதால் வரும் தேய்மானம்தான். விண்டோஸ் 8இல் டீஃபிராக் பொத்தானின் பெயரே ‘ஆப்டிமைஸ்’ என்று மாறியது. எஸ்எஸ்டி என்றால் அது முதன்மையாக அனுப்புவது, எந்தத் தொகுதிகள் இனி வேண்டாம் என்று வட்டுக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை. லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இன்னொரு கண்ணி உண்டு: டீஃபிராக் ஓட்டினால் ஸ்னாப்ஷாட்டுகள் பகிர்ந்துகொண்டிருந்த தொகுதிகள் பிரிந்துபோய், இடம் கூடுதலாகச் செலவாகும்.

அப்படியானால் ஒருபோதும் வேண்டாமா? பருத்த மெய்நிகர் வட்டைச் சுருக்குமுன் விருந்துக்குள் ஒருமுறை ஓட்டலாம். சுழல்வட்டில், 2 எம்பி தொகுதி கொண்ட பழைய விஎச்டி கோப்புகள் பல ஆண்டுகளாக வளர்ந்து கிடந்தால், எந்திரங்களை நிறுத்திவிட்டு ஓம்பியில் ஓட்டலாம். வாராந்திர அட்டவணையில் போட மட்டும் வேண்டாம்.

இனி சொல்லுக்கு வருவோம். என் முன்மொழிவு ‘மீளடுக்கம்’. வினையாக ‘மீளடுக்கு’ என்று பொத்தானிலும் அடங்கும். பெயர்த்து வைக்கும் வேலை என்பதும் அதிலேயே தெரிகிறது. ஸ்டாக்குக்கு ‘அடுக்கு’ இருக்கிறதே என்பீர்கள். ‘மீள்’ முன்னால் நிற்பதால் குழப்பம் வராது என்பது என் கணிப்பு. ஃபிராக்மென்டேஷனுக்குச் ‘சிதறல்’.

—

ஐயா,

‘மீளடுக்கம்’ எனக்குச் சம்மதம். ‘சிதறல்’ வேண்டாமே? இயற்பியலில் ஒளிச்சிதறல் என்று வேரூன்றிய சொல் அது. ‘துண்டாதல்’ போதும், தானாக நேர்வது என்பதும் அதில் வந்துவிடுகிறது.

வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

‘ஓம்பிக் கணினியில் மீளடுக்கத்தை அட்டவணையிட வேண்டாம். விருந்து எந்திரங்களிலும் தானியங்கி மீளடுக்கத்தை அணைத்து வைக்கவும். துண்டாதலைத் தவிர்க்க விரும்பினால், மெய்நிகர் வட்டைத் தொடக்கத்திலேயே நிலையான அளவில் உருவாக்கவும்.’

—

தம்பி, இரண்டாவது வாக்கியத்தில் ‘எஸ்எஸ்டிக்கான டிரிம் தவிர’ என்று சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அதையும் சேர்த்து அணைத்துவிடப் போகிறார்கள். ‘துண்டாதல்’ எனக்கும் சரி.