ரீஆம்பிங்குக்குத் தமிழில் என்ன? திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது

குழுவினருக்கு வணக்கம். ஒலிப்பதிவுப் பட்டயப் படிப்புக்குப் பாடக்குறிப்பு தமிழாக்குகிறேன். எலெக்ட்ரிக் கித்தாரை டிஐ பெட்டி (கித்தாரைப் பதிவுக்கருவியோடு இணைக்கும் பெட்டி) வழியாக நேராகப் பதிந்துவைத்து, அப்புறம் அந்தப் பதிவை ஆம்புக்குள் (ஒலியைப் பெருக்கும் கருவிக்குள்) செலுத்தி, ஸ்பீக்கர் முன் மைக் வைத்து மீண்டும் பதிவதுதான் ரீஆம்பிங். 'மறுபெருக்கம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

---

> மறுபெருக்கம்

'மறு' பொருந்தாது ஐயா. முதல் பதிவு கித்தார் ஆம்ப் பக்கமே போகவில்லை. ஒருமுறைகூட ஆம்ப் காணாததை மறுபடி எப்படிப் பெருக்குவது? மறு என்றால் களங்கமும்தான். குறளில் மதியின் மறு வருகிறது. மறு, மறுதலை, மாறு எல்லாம் ஒரே வேர் என்பது என் எண்ணம். அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். 'பின்பெருக்கம்' என்று வையுங்கள்.

---

பின்பெருக்கம் குழப்பும். சிறிய சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்பை முன்பெருக்கி என்கிறோம். பின்பெருக்கி என்றால் மாணவர் ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப் என்றே எடுத்துக்கொள்வார்.

ஸ்டுடியோவில் நான் பார்ப்பது இது: புதிதாக வருகிற பையன்கள் இன்டர்ஃபேஸின் (கணினியோடு ஒலிக்கருவிகளை இணைக்கும் பெட்டியின்) லைன் அவுட்டை அப்படியே ஆம்பில் செருகிவிடுகிறார்கள். ஸ்டுடியோக் கருவிகளின் லைன் அளவு +4 டிபியு, ஏறத்தாழ 1.23 வோல்ட். பிக்கப்பின் (நரம்பதிர்வை மின்சிக்னலாக்கும் உறுப்பின்) சிறிய சிக்னலை நம்பிச் செய்த இன்புட்டுக்கு அது மிகை. வேண்டாத இடத்தில் கரகரக்கும். கிரவுண்ட் லூப் (கருவிகளின் தரையிணைப்புகள் வளையமாவது) இருந்தால் ரீங்காரமும் சேரும். இரண்டுக்கும் நடுவே வைக்கும் ரீஆம்ப் பெட்டி அளவைக் குறைக்கிறது, இம்பீடன்ஸை (மின்மறுப்பை) உயர்த்துகிறது, மின்மாற்றி வைத்த பெட்டியானால் கிரவுண்டையும் பிரித்துவிடுகிறது. பெட்டி எதையும் பெருக்குவதில்லை! 'ஆம்ப் மறுசெலுத்தம்' போதும்.

---

பாதி ஆங்கிலத்தை எதற்குத் தூக்கிச் சுமக்க வேண்டும்? யாழின் உறுப்புகளைச் சொல்லும் சிலப்பதிகாரக் கானல்வரி பத்தரைத்தான் (குடைவான உடற்பகுதியை) முதலில் வைக்கிறது. நரம்பின் ஒலிக்கு உடம்பு கொடுப்பது பத்தர். கட்டைக் கித்தாருக்குள் குடைவே கிடையாது; அதன் பத்தர் ஆம்பும் ஸ்பீக்கர் பெட்டியும்தான். நேர்ப்பதிவு என்பது பத்தர் இல்லாத நரம்பொலி. அதற்குப் பிறகு பத்தர் கொடுக்கிறோம்: 'பத்தரேற்றம்'.

---

அக்கா, பத்தர் விளக்கம் அருமை, வகுப்பில் சொல்லுவேன். ஆனால் தேவாரம் ஓதியவருக்குப் பத்தர் என்றால் அடியார். ரீஆம்ப் என்பதே 1990களில் ஜான் குனிபெர்ட்டி உருவாக்கிய பெட்டியின் வணிகப் பெயர். பிறகு அது ரேடியல் நிறுவனத்துக்குப் போனது. பெயர்ச்சொல்லை ஏன் உடைக்க வேண்டும்? ரீஆம்ப் என்றே விடலாம்.

---

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பௌதிகப் புத்தகங்களில் ஆம்ப் என்பது விரியலாக்கி. பெருக்கல் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குத்தான் நினைவுக்கு வரும். சொல்லடைவில் எங்கள் சொல்லையும் சேர்த்துவிடுங்கோ.

---

அனைவருக்கும் நன்றி. நேரமில்லை, தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் மறுபெருக்கத்துக்கே ஆதரவு கூடுதல். 'மறுபெருக்கம் எனும் ரீஆம்ப்' என்று முதல் இடத்தில் வரும். விரியலாக்கி சொல்லடைவில் உண்டு. லைன் அவுட் எச்சரிக்கையைப் படத்தோடு சேர்த்துவிட்டேன்.

---

அச்சில் வரட்டும். முதல் பெருக்கம் எங்கே என்று ஒரு மாணவி கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? என் வகுப்பில் பின்பெருக்கம்தான்.